ஐராவதியில் அமிழ்ந்த சக்கரக் கப்பல்கள்: நாராயணவனம் வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாராயணவனம், புத்தூர், நகரி, பிச்சாட்டூர் வட்டாரங்களில் வரலாறும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், பர்மாவின் ஐராவதி ஆற்றில், உலகின் மிகப் பெரிய ஆற்றுக் கப்பல் அணிகளுள் ஒன்றை நடத்திவந்த நிறுவனம், முன்னேறி வந்த ஜப்பானியப் படையின் கைக்கு அவை சிக்கிவிடக் கூடாது என்பதற்காகத் தன் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களைத் தானே துளையிட்டு மூழ்கடித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இலட்சக்கணக்கான தமிழரையும் தெலுங்கரையும் அவர்களுடைய நெல்லையும் கடனையும் கூலியையும் சுமந்து திரிந்த அக்கப்பல்களின் உழைப்பையும் முடிவையும் தங்கள் வகுப்பறைகளுக்குக் கொண்டுவருமாறு கோருவதே இம்மடலின் நோக்கம்.

நாராயணவனத்துக்கும் நீராவிக் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி நியாயமானது. கல்யாண வெங்கடேசர் கோயிலைத் தாங்கிநிற்கும் இவ்வூரை ஒட்டி ஓடும் அருணா நதி, ஆரணி ஆறு என்றும் பெயர் பெற்று, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுப் பகுதியில் கடலைச் சேர்கிறது. மழைக்காலத்தில் மட்டும் பெருகி மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும் அந்த ஆற்றில் நீராவிக் கப்பல் ஓடியதுமில்லை, ஓட இயன்றதுமில்லை. ஆயினும் அந்த ஆறு முடியும் இடத்தில்தான் பக்கிங்காம் கால்வாய் குறுக்கிடுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கு விறகும் உப்பும் நெல்லும் அக்கால்வாயில் படகேறிச் சென்னைக்குச் சென்றன. அதே சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் கைலித் துணியும் கூலியாட்களும் பர்மாவுக்குக் கப்பலேறினர். 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவ்வட்டாரம் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய அனுபவத்தைத் தமிழில் நூலாக்கிய வெ. சாமிநாத சர்மா பிறந்த வெங்களத்தூரும் அப்போது அந்த மாவட்டத்திலேயே இருந்தது. இன்று இரு மாநிலங்களுக்கு இடையே கோடு கிழிக்கப்பட்டுவிட்ட நிலப்பரப்பு, அந்தக் காலத்தில் ஒரே துறைமுகத்தை நோக்கி நடந்த நிலப்பரப்பாக இருந்தது.

கதையின் தொடக்கம் போரில் இருக்கிறது. துடுப்புச் சக்கரக் கப்பல் என்பது, நீராவி எந்திரத்தின் வலிமையால் கப்பலின் இரு பக்கங்களிலோ பின்புறத்திலோ பொருத்தப்பட்ட பெருஞ்சக்கரம் சுழல, அச்சக்கரத்தின் விளிம்பிலுள்ள பலகைகள் நீரைப் பின்னோக்கித் தள்ள, அதனால் முன்னேறும் கலமாகும். அவ்வகையைச் சேர்ந்த ‘டயானா’ என்ற சிறு கலம் 1823ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடுத்த கிதர்பூரில் கட்டப்பட்டு, அடுத்த ஆண்டு தொடங்கிய முதல் ஆங்கிலோ-பர்மியப் போருக்காக இரங்கூனுக்கு அனுப்பப்பட்டது. பாய்மரக் கப்பல்கள் காற்றுக்காகக் காத்து நின்ற ஆற்றில், காற்றும் நீரோட்டமும் எதிர்த்தபோதும் டயானா மேலேறியது. விரைவாகத் துடுப்பு வலித்த பர்மியப் போர்ப் படகுகளை அவற்றின் ஆட்கள் களைத்துப்போகும்வரை துரத்தியது. சிப்பாய்களை ஏற்றிய படகுகளை இழுத்துச் சென்றது. அந்தச் சிப்பாய்களில் பெரும்பகுதியினர் சென்னைப் படையைச் சேர்ந்தவர்கள். 1826 பிப்ரவரியில் யாண்டபோவில் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பின், ஆற்றைக் கையில் வைத்திருப்பவரே பர்மாவைக் கையில் வைத்திருப்பவர் என்ற உண்மையை இரு தரப்பும் அறிந்துகொண்டன.

பிரிட்டிஷ் இந்திய அரசு தானே நடத்திவந்த ஆற்றுக் கப்பல்களைக் கைவிட முடிவு செய்தபோது, அவற்றை வாங்கி 1865ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து வணிகர்கள் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி என்று அறியப்பட்டது. அதன் தலைமையகம் கிளாஸ்கோவில் இருந்தது. அதன் பெரும்பாலான கப்பல்களை டம்பார்ட்டனில் இருந்த டென்னி குடும்பத்தாரின் கட்டுதளம் உருவாக்கியது. அங்கு ஒருமுறை பொருத்திப் பார்க்கப்பட்ட கப்பல் மீண்டும் தகடு தகடாகப் பிரிக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, கடற்கப்பலில் ஏற்றப்பட்டு, இரங்கூனுக்கு எதிர்க்கரையிலுள்ள டாலா கட்டுதளத்தில் மறுபடியும் தறையப்பட்டது. ஆறு மட்டுமே அறிந்த, சில அடி ஆழ நீரில் மிதக்கும்படி மெல்லிய தகட்டால் ஆன ஒரு கலத்தை வங்கக் கடலின் அலைகளில் ஓட்டிவருவது ஆபத்து என்பதே அதற்குக் காரணம்.

அந்த மெல்லிய உடலே இக்கப்பல்களின் சிறப்பு. நீரடியில் சுழலும் சுழலி கொண்ட கப்பலுக்குச் சுழலி முழுதும் அமிழும் அளவுக்கு ஆழம் வேண்டும். துடுப்புச் சக்கரமோ நீரின் மேற்பரப்பைச் சற்றே தொட்டால் போதும். சக்கரத்தின் பலகைகள் நீரில் நுழையும்போதும் வெளியேறும்போதும் சாய்ந்து நீரை அறைந்தால் ஆற்றல் வீணாகும் என்பதால், ஓர் இணைப்புக் கம்பித் தொகுதி அப்பலகைகளை எப்போதும் ஏறக்குறைய நேர்க்குத்தாகவே வைத்திருந்தது. எந்திரத்தின் உருளைகள் சாய்வாகப் படுத்து, கப்பலின் குறுக்கே செல்லும் அச்சை நேரே முடுக்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ‘சயாம்’ வகைக் கப்பல்கள் 326 அடி நீளம் கொண்டவை. சக்கரக் கூடுகளையும் சேர்த்தால் அவற்றின் அகலம் 76 அடி. தளப் பயணிகளாக நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றும் உரிமம் அவற்றுக்கு இருந்தது. அவற்றின் இரு பக்கங்களிலும் ‘ஃபிளாட்’ எனப்பட்ட, எந்திரமற்ற தட்டையான சரக்குக் கலங்களைக் கட்டி இழுத்துச் செல்வது வழக்கம்.

இத்தகைய கலத்தை ஐராவதியில் செலுத்துவது எளிய வேலையன்று. கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே மாண்டலேயில் நீர்மட்டம் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்கும்; ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பின் மணல்திட்டுகள் இடம் மாறும்; சென்ற வாரம் கப்பல் சென்ற தடத்தில் இந்த வாரம் அது தரைதட்டலாம். எனவே கப்பலின் முகப்பில் பக்கத்துக்கு ஒருவராக நின்றவர்கள் வண்ணம் பூசிய மூங்கிற்கழியால் ஆழம் பார்த்துக் குரலெழுப்பிக்கொண்டே வந்தனர். ஆற்றில் மூங்கில் மிதவைகளை நிறுத்தித் தடத்தைக் காட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். கப்பலில் மாலுமிகளின் தலைவர் சாரங்கு என்றும், சுக்கான் பிடிப்பவர் சுக்கானி என்றும் அழைக்கப்பட்டனர்; இப்பணிகளில் பெரும்பாலும் சிட்டகாங் பகுதி முஸ்லிம்களே இருந்தனர். மேற்பார்வைக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தாலும், ஆற்றின் மணலை நாளும் படித்தவர்கள் இவர்களே. நிறுவனத்தின் வரலாற்றை எழுதியோர் மேலதிகாரிகளின் பெயர்களைப் பதிந்த அளவுக்கு ஆழக்கழி பிடித்தவர்களின் பெயர்களைப் பதியவில்லை. இந்தக் குறையை வகுப்பறையிலாவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் பர்மியப் போரில் இந்தக் கப்பல்களே படைவண்டிகளாயின. 1885 நவம்பரில் பிரிட்டிஷ் ஜெனரல் பிரெண்டர்காஸ்ட்டின் படை இவற்றில் ஏறிப் பர்மிய மன்னரின் நாட்டு எல்லையைக் கடந்து, மின்லா கோட்டையைப் பிடித்து, இரண்டு வாரத்துக்குள் மாண்டலேயை அடைந்தது. அம்மாதம் 29ஆம் நாள் மன்னர் தீபோவும் அவருடைய அரசியும் அதே நிறுவனத்தின் ‘தூரியா’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டு, தம் தலைநகரிலிருந்து இரங்கூனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்து அவர்கள் முதலில் வந்து சேர்ந்த இடம் சென்னை. சில மாதங்கள் அங்கு வைக்கப்பட்ட பிறகே கொங்கணக் கரையிலுள்ள ரத்னகிரிக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பேரரசு முடிந்த செய்தியை ஆற்றங்கரை மக்கள் துடுப்புச் சக்கரத்தின் இரைச்சலோடு சேர்த்தே அறிந்தார்கள்.

போர் முடிந்தபின் வணிகம் பெருகியது. இரங்கூனிலிருந்து மாண்டலே வரை ஆற்று வழியில் ஏறத்தாழ 600 மைல். அதற்கு அப்பாலும் சீன எல்லையை அடுத்த பாமோ வரை கப்பல்கள் சென்றன. சிந்த்வின் கிளையாற்றில் பின்சக்கரக் கப்பல்கள் ஓடின. அஞ்சலை விரைந்து கொண்டுசெல்லும் கப்பல் ஒருவகை. பாமோ வழியில் சென்ற ‘கடைவீதிக் கப்பல்’ இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் தளத்தின் இடங்களை வணிகர்கள் வாடகைக்கு எடுத்து, துணி, பாத்திரம், உப்பு, கருவாடு, வெற்றிலை எனக் கடை விரித்திருப்பார்கள். கப்பல் நிற்கும் ஒவ்வொரு கரையிலும் ஊரார் ஏறி வந்து வாங்குவார்கள். கப்பலின் வருகையே அவ்வூருக்குச் சந்தை நாள். 1920களின் இறுதியில் அணியில் 600க்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன. ஆண்டுக்கு 80 முதல் 90 லட்சம் பேர் அவற்றில் பயணம் செய்தனர். கப்பலின் முன்புறத்து மேல்தளத்தில் முதல் வகுப்பு அறைகள் சில. எஞ்சிய தளமெல்லாம் பாயை விரித்துக் கிடந்த மக்கள்.

ஆங்கில வாசகர்களுக்கு இக்கப்பல்கள் ருட்யார்ட் கிப்ளிங் 1890இல் வெளியிட்ட ‘மாண்டலே’ கவிதையின் வழியே அறிமுகமாயின. அவர் மாண்டலேயை நேரில் கண்டதே இல்லை; 1889இல் இரங்கூனிலும் மௌல்மேனிலும் சிறிது தங்கியதோடு சரி. அக்கவிதை கூறாத உலகமே தங்கள் மாணவர்களுக்கு உரியது. ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்புக் காட்டை அழித்து வயலாக்கிய பர்மிய உழவருக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 1930ஆம் ஆண்டை ஒட்டி அமைந்த வங்கி விசாரணைக் குழு அவர்களுடைய முதலீட்டை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகளில், அதாவது பல வட்டிக்கடைகள் ஒன்றாக இயங்கிய பெருங்கட்டடங்களில், பெட்டகங்களும் கணக்குப் புத்தகங்களும் இருந்தன. அங்கிருந்து மேலாள் எனப்பட்ட முகவரும் அவருக்குத் துணையான அடுத்தாளும் ஆற்றுக் கப்பலேறி உள்ளூர்க் கடைகளுக்குச் சென்றார்கள். அறுவடைக்குப் பின் அதே ஆற்றில் நெல் இறங்கி வந்தது. 1930களில் பர்மா ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. அதில் பெரும்பங்கு இந்தியாவுக்கே வந்தது.

அந்த நெல்லை மூட்டை மூட்டையாகத் தூக்கியவர்கள் வேறு மக்கள். மேஸ்திரிகள் எனப்பட்ட ஆள்பிடி முகவர்கள் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்ற தெலுங்குத் தொழிலாளர்கள் இரங்கூன் துறைமுகத்தின் சுமைவேலையைப் பெருமளவு செய்தனர். கோதாவரி முகத்துவாரத்தின் பழைய துறைமுகமான கோரங்கியின் பெயராலேயே அவர்கள் பர்மாவில் ‘கோரிங்கி’ என்று குறிக்கப்பட்டனர். 1930 மே மாதத்தில் கூலி உயர்வு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர் அமர்த்தப்பட, வேலைநிறுத்தம் முடிந்த நாளில் இரு ஏழைக் கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதிப் பலர் மாண்டனர். வட்டிக்கடையிலும் இதே கசப்பு வளர்ந்தது. நெல் விலை வீழ்ந்த பெருமந்தக் காலத்தில் கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தோரிடம் சென்றன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1938இல் 25 விழுக்காடாயிற்று. தமிழ் மாணவர்களுக்கு இப்பாடத்தைக் கற்பிக்கும்போது பர்மிய உழவரின் இழப்பை மறைத்துத் தமிழரின் இழப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது. கடன் பத்திரம் ஏறிச் சென்றதும், வயலிழந்த உழவர் பிழைப்புத் தேடிச் சென்றதும் ஒரே கப்பல் தளத்தில்தான்.

1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வீசின. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். அவர்கள் ப்ரோம் சாலையில் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினர். துறைமுகத்துக்கு ஆள் வேண்டும் என்பதால் முதலில் அவர்களைத் திருப்பியழைக்கவே நிர்வாகம் முயன்றது. பின்னர்க் கூட்டம் பெருகியது. ப்ரோமில் ஆற்றைக் கடந்து அரக்கான் மலைவழியே டவுங்குப்புக்குச் சென்றவர்களைக் காலரா வாரிக்கொண்டு போனது. மாண்டலேயை அடைந்தவர்கள் சிந்த்வின் பள்ளத்தாக்கில் இறங்கித் தாமு வழியாக மணிப்பூரை நோக்கி நடந்தனர். ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர் என்பதும், வழியில் மாண்டவர்கள் பல்லாயிரவர் என்பதும் வரலாற்றாசிரியர்களின் பொதுவான மதிப்பீடு. இப்பெயர்ச்சியின் பல கட்டங்களில் ஐராவதிக் கப்பல்கள் அகதிகளை ஏற்றின. அதே நேரத்தில் படைவீரர்களையும் காயம்பட்டோரையும் எரிபொருளையும் ஏற்றின. இதற்குள் மாலுமிகளில் பலர் தம் ஊர்களுக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர். மேலிருந்து குண்டு விழும் ஆற்றில், கூலிக்கு வந்தவர் உயிரைக் கொடுத்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

மார்ச் 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. அதற்கு முன்பே கப்பல்களில் இயன்றவை ஆற்றின் மேற்பகுதிக்கு நகர்த்தப்பட்டிருந்தன. ஏப்ரல் 3ஆம் நாள் மாண்டலே எரிந்தது. ஏப்ரல் நடுவில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகள் பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்பாலேயே அழிக்கப்பட்டன. எதிரிக்குப் பயன்படக்கூடிய எதையும் விட்டுவைக்காமல் அழித்துச் செல்வதைப் போர் வழக்கில் ‘மறுப்பழிப்பு’ எனலாம்; எண்ணெய்க்கு நேர்ந்தது இனிக் கப்பல்களுக்கு நேர்ந்தாக வேண்டும். ஆற்றில் மேலும் மேலே செல்லத் தடம் இல்லை. கடலுக்குத் திரும்ப வழி இல்லை. இந்தியாவுக்கு ஆறு ஓடவில்லை.

நிறுவனத்தின் பர்மா மேலாளராக அப்போது இருந்த ஜான் மார்ட்டன், மாண்டலேயிலும் அதற்கு வடக்கிலும் அணிவகுத்து நின்ற கப்பல்களை மூழ்கடிக்கும் ஆணையை நிறைவேற்ற வேண்டியவரானார். கடற்கப்பலை ஆழ்கடலில் மூழ்கடிப்பதைப் போன்றதன்று இது. ஆற்றின் ஆழம் குறைவு. கோடையில் மேலும் குறைவு. அடித்தளத்தில் நீர் புகுந்ததும் கலம் மணலில் அமரும். மேல்தளமும் புகைபோக்கியும் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே உடலில் நீர்மட்டத்துக்குக் கீழே துளைகள் வேண்டியிருந்தன; இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு அத்துளைகளை இட்டார்கள். தகடு மெல்லியது என்பதால் தோட்டா எளிதில் நுழைந்தது. டம்பார்ட்டனில் தகடு தகடாக எண்ணிடப்பட்டு, டாலாவில் ஆணி ஆணியாகத் தறையப்பட்டு, சில நாற்பதாண்டுகள் வரையும் ஓடிய அந்தக் கலங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நீர் குடித்து அமர்ந்தன. அவற்றுள் பெரிய ‘சயாம்’ வகைக் கப்பல்களும் இருந்தன. ஏப்ரல் 30ஆம் நாள் இரவு, ஐராவதியின் குறுக்கே 1934இல் திறக்கப்பட்ட ஆவா பாலமும் தகர்க்கப்பட்டது. மறுநாள் மாண்டலே வீழ்ந்தது.

சிந்த்வினில் முடிவு சில நாள் தள்ளிப்போயிற்று. மே மாதத்தின் முதல் பத்து நாட்களில், பின்வாங்கிய படை ஷ்வேஜின் துறையிலிருந்து கலேவாவுக்கு இந்நிறுவனத்தின் பின்சக்கரக் கப்பல்களில் ஏறியே தப்பியது; கடைசியில் துறை எதிரியின் குண்டுவீச்சுக்குள் வந்துவிட, டாங்கிகளும் வண்டிகளும் கரையிலேயே கைவிடப்பட்டன. அறுநூற்றுக்கும் மேற்பட்ட கலங்களில் மிகப் பெரும்பகுதி அந்த ஓராண்டில் அழிந்தது. துடுப்புச் சக்கரக் கப்பல்கள் விபத்திலும் புயலிலும் தீயிலும் மூழ்கிய கதைகள் உலகில் பல. அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1865ஆம் ஆண்டு கொதிகலன் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு எரிந்த ‘சுல்தானா’ அவற்றில் கொடியது. ஆனால் ஓர் அணியின் பெரும்பகுதி அதன் உரிமையாளர் கையாலேயே ஆற்றடியில் வைக்கப்பட்டது ஐராவதியின் தனித்த துயரம்.

இந்த அழிப்பு தேவைதானா என்பது குறித்து இம்மடல் ஒரு நிலையை எடுக்கிறது. ஆறே நெடுஞ்சாலையாக இருந்த நாட்டில், ஓடும் நிலையில் கப்பல்களை எதிரியிடம் விடுவது அவருக்கு முழு நாட்டின் போக்குவரத்தையும் கொடுப்பதாகும். அதனால் ஆணை இட்டவரைக் குறை கூற எளிதில் இடமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. எண்ணெய்க் கிணறுகளுக்கும் கப்பல்களுக்கும் அழிப்புத் திட்டம் இருந்தது. துறைமுகத்தில் சுமை தூக்கியவருக்கு வெளியேற்றத் திட்டம் உரிய காலத்தில் இல்லை. போருக்குப் பின்னும் அதே ஏற்றத்தாழ்வு தொடர்ந்தது. அழிக்கப்பட்ட தன் உடைமைக்காகப் பர்மா ஆயில் கம்பெனி பிரிட்டிஷ் அரசின்மீது வழக்குத் தொடுத்து, பிரபுக்கள் சபை வரை சென்று வென்றது. நாடாளுமன்றம் 1965ஆம் ஆண்டுப் போர்ச்சேதச் சட்டத்தால் அந்த உரிமையைப் பின்னோக்கி நீக்கும் அளவுக்கு அவ்வழக்கு பெரிதாயிற்று. டவுங்குப் பாதையில் கணவனையும் குழந்தையையும் புதைத்து வந்தவருக்கு வழக்குத் தொடுக்க ஒரு நீதிமன்றமும் இருக்கவில்லை.

பின்கதை சுருக்கமானது. 1945இல் பர்மாவை மீட்க வந்த பிரிட்டிஷ் பதினான்காம் படைக்கு ஆற்றில் கலங்களே இல்லாததால், ஜெனரல் ஸ்லிம்மின் பொறியாளர்கள் கலேவாவில் காட்டுத் தேக்கை வெட்டிப் புதிதாகப் படகு கட்ட வேண்டியிருந்தது. நிறுவனம் போருக்குப் பின் சில கப்பல்களை வாங்கி மீண்டும் தொழில் தொடங்கியது. விடுதலை பெற்ற பர்மா 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதைத் தேசியமயமாக்கியது. 1960களில் அங்கிருந்து வெளியேற நேர்ந்த இந்தியர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். சென்னையின் பர்மா பஜாரும் விசாகப்பட்டினத்தின் பர்மா கேம்ப்பும் அந்த வருகையின் அடையாளங்கள். மீண்டும் பர்மாவுக்கே நடந்து செல்ல முயன்று எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட, அங்கே இன்றும் தமிழ் பேசும் குடியிருப்பு உண்டு.

ஆசிரியப் பெருமக்களிடம் இம்மடல் கேட்பது இரண்டு. முதலாவதாக, வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ பள்ளி நூலகங்களில் இடம்பெற வேண்டும். பத்தாண்டுக் காலம் இரங்கூனில் வாழ்ந்து, ‘ஜோதி’ என்ற மாத இதழை நடத்தி, 1942இல் மனைவியோடு நடந்தே இந்தியா வந்த அவர், பிளேட்டோவின் அரசியல் நூலைத் தமிழாக்கிய அதே தெளிந்த உரைநடையில் அப்பயணத்தை எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்பு மாணவர் யாரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள இயலும். வரைபடத்தில் இரங்கூன், ப்ரோம், மாண்டலே, கலேவா, தாமு, இம்பால் என்ற இடங்களைக் குறித்துக்கொண்டு படித்தால், புவியியல் வகுப்பும் வரலாற்று வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே நேரத்தில் நடந்துவிடும். கூடவே கோதாவரியின் கதையையும் வைக்கலாம்: தௌலேஸ்வரம் அணைக்கட்டை 1852இல் முடித்த ஆர்தர் காட்டன், அதே ஆற்றின் மேற்பகுதியையும் நீராவிக் கப்பல் செல்லும் வழியாக்க முயன்றதும், பாறைத் தடைகளும் செலவும் மிகுந்து 1871இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டதும் ஐராவதியோடு ஒப்பிடத் தக்கவை. ஓர் ஆற்றில் கப்பல் ஓடியது ஏன், இன்னோர் ஆற்றில் நின்றுபோனது ஏன், அருணா நதியில் தொடங்கவே இல்லையே அது ஏன் என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கினால் நீரியல் பாடம் தானே வந்து சேரும்.

இரண்டாவதாக, வட்டாரத்தில் பர்மா சென்று வந்த குடும்பம் எதுவும் இருக்குமானால், அதன் முதியோரிடம் மாணவர்கள் பேசிப் பதிவு செய்ய வேண்டும். 1942இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். ஆகவே பெரும்பாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டறிந்ததே கிடைக்கும். அதுவும் பதிவுக்கு உரியதே. பழைய கடிதம், கப்பல் சீட்டு, கடன் பத்திரம், துணி ஏற்றுமதிக் கணக்கு போன்றவை பெட்டியடியில் இருந்தால், அவற்றை வீட்டாரின் ஒப்புதலோடு படமெடுத்து, நகலைப் பள்ளியில் வைத்து, மூலத்தை வீட்டாரிடமே ஒப்படைத்துவிட வேண்டும்; அச்சிட்ட தமிழ் நூலோ இதழோ கிடைத்தால் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம்; 1911க்கு முந்தைய வட ஆற்காட்டு ஆவணங்களுக்கு எழும்பூரின் தமிழ்நாடு ஆவணக் காப்பகமே வழி. பதிவு தெலுங்கில் கிடைத்தால் தெலுங்கிலேயே எழுதப்பட வேண்டும். தமிழில் கிடைத்தால் தமிழில். முதியவரிடம் எந்த ஆண்டு சென்றார்கள் என்று தொடங்குவதைவிட, எந்த ரயிலடியில் ஏறினார்கள், சென்னையில் எங்கே தங்கினார்கள், கப்பல் தளத்தில் எதைச் சமைத்தார்கள், மேஸ்திரிக்கு எவ்வளவு கடன்பட்டிருந்தார்கள், ஆற்றுக் கப்பலில் சென்றார்களா, திரும்பும்போது யார் யார் உடன் வந்தார்கள், யார் யார் வந்து சேரவில்லை என்று கேட்டால் நினைவு எளிதில் திறக்கும். இந்தக் கேள்விப் பட்டியலை வரும் கோடை விடுமுறைக்கு முன் மாணவர் கையில் கொடுத்துவிடுமாறு இம்மடல் வேண்டுகிறது.